வெள்ளையில் வெள்ளை

காலையிலிருந்து லேசர்காரனுக்குக் கை ஓரிடத்தில் நிற்கவில்லை. துடைத்த லென்ஸையே திரும்பத் திரும்பத் துடைத்துக்கொண்டிருந்தான்.

எங்கள் ஆய்வுக்கூடத்து மொட்டைமாடியில், முக்காலி மேல், சோதனைக்கு வைத்த கருவி. ஒரு கிலோமீட்டர் தள்ளி, தண்ணீர்த்தொட்டியின் உச்சியில், கதவளவு பலகையைப் பிடித்தபடி பலகைக்காரி.

கருவி கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பு லேசரை அங்கே அனுப்பும். அது பட்டுத் திரும்பும் நேரத்தை வைத்து, எது முன்னால், எது பின்னால் என்று புள்ளி புள்ளியாகத் திரையில் வரையும். நிறம் அதற்குத் தெரியாது. மேடு பள்ளம்தான் தெரியும்.

அதனால் எங்களுக்குள் ஒரு வழக்கம். வெள்ளைப் பலகையில் வெள்ளைத் தெர்மகோலை வெட்டி ஏதாவது ஒட்டிக்கொண்டு போவாள். என்னவென்று மூச்சு விடமாட்டாள். தொலைநோக்கியில் பார்த்தால் வெறும் வெள்ளை. திரையில் தெரிவதை லேசர்காரன் வாக்கி-டாக்கியில் அவளுக்கு உரக்கச் சொல்ல வேண்டும்.

இதுவரை மீன், குடை. ஒருமுறை என் மூக்கு.

நேற்று வேலை முடிந்து அவளோடு படியிறங்கும்போது, நம் லேசர்கார ஐயா, கல்யாணம் பண்ணிக்கொள்ளலாமா என்று கேட்டுவிட்டார். கையிலிருந்த வாக்கி-டாக்கியின் பொத்தான் அமுங்கிக் கிடந்தது அவருக்குத் தெரியாது. மாடியிலிருந்த இன்னொரு வாக்கி-டாக்கியில் அத்தனை பேரும் கேட்டோம். எனக்குப் புரையேறிவிட்டது.

நாளைக்குச் சொல்கிறேன் என்று அவள் சொன்னதையும் கேட்டோம்.

இன்றைக்கு ஒருவருக்கும் வேலை ஓடவில்லை. ஆளாளுக்கு ஒரு ஒயரைப் பிடித்துக்கொண்டு திரைக்குப் பக்கத்திலேயே நின்றார்கள்.

புள்ளிகள் விழத் தொடங்கின. முதலில் பலகையின் விளிம்பு. பிறகு, இரண்டு விரல் உயரத்துக்கு மேடாக, ஒரு 'ச'.

அவன் முகம் மலர்ந்துபோயிற்று. எனக்குத்தான் வாய் சும்மா இருக்காதே.

"ரொம்பக் குதிக்காதே. 'சகோதரா'வும் 'ச'தான்."

பாவம், பேயறைந்தவன் மாதிரி ஆகிவிட்டான்.

அடுத்து 'ரி' வந்தது. மாடியே கைதட்டியது. அப்போதுதான் தன் ரகசியம் ஊரறிந்தது என்று அவனுக்குப் புரிந்திருக்க வேண்டும். காதெல்லாம் சிவந்துவிட்டது.

ஆனால் கருவி நிற்கவில்லை. கீழே இன்னொரு வரி மெல்ல மெல்ல மேலெழும்பிக்கொண்டிருந்தது.

வழக்கம் வழக்கம்தான். பொத்தானை அழுத்தி, முழுவதையும் உரக்கப் படித்தான். "சரி. அப்பாகிட்ட கேளு."

கைதட்டல் சட்டென்று நின்றது. எல்லோரும் திரும்பி என்னைப் பார்த்தார்கள்.

எனக்கு அழுகை வந்தது, சிரிப்பும் வந்தது. இரண்டையும் அடக்கிக்கொண்டு முகத்தை உர்ரென்று வைத்துக்கொண்டேன்.

அவன் என் பக்கம் திரும்பினான். வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து சொல்லிப் பழகிய 'சார்' பாதியிலேயே நின்றுபோயிற்று.

"சா... மாமா" என்றான்.

இந்த முறையும் பொத்தானிலிருந்து விரலை எடுத்திருக்கவில்லை. திரையில் எழுத்துகளெல்லாம் கலைந்து கூத்தாடின. பலகையோடு சேர்ந்து குலுங்கிக் குலுங்கிச் சிரித்துக்கொண்டிருந்தாள் என் மகள்.