பால் பொங்கும் பக்கம்

பால் இன்னும் சூடாகவே இல்லை. அதற்குள் அவருக்கு வேர்த்துவிட்டது.

வேனின் பக்கவாட்டுக் கதவில் சாய்ந்தபடி உள்ளே இருந்த அடுப்பையே பார்த்துக்கொண்டு நின்றார். அவர் மனைவி வடிவு பாத்திரத்தின் கழுத்தில் மஞ்சள் கொத்தைக் கட்டியிருந்தாள். முகத்தில் ஒரு சிரிப்பும் இல்லை. பரீட்சை ஹாலில் பேப்பர் கொடுக்க வந்தவள் போல இருந்தாள்.

பரீட்சைதான்.

பால் கிழக்கே பொங்கினால் இந்த வண்டியில் ஏறி எந்த ஊருக்கு வேண்டுமானாலும் வருவாள். மேற்கே பொங்கினால் தென்காசியில் மகள் வீட்டில் அவளை இறக்கிவிட்டு, அவர் மட்டும் ஊர் சுற்றலாம். வடிவு சொன்னால் சொன்னதுதான்.

வடிவு இல்லாமல் ஊர் சுற்றுவதற்கு வேன் எதற்கு? பஸ் போதாதா?

ஓய்வு பெற்ற மறுமாதமே பழைய பள்ளிக்கூட வேன் ஒன்றை வாங்கிவிட்டார். சீட்டுகளைக் கழற்றினார். பலகைக் கட்டில் போட்டார். கட்டிலுக்கு அடியில் அரிசி, பருப்பு, துணிமணி. ஜன்னலுக்கு அவளுடைய பழைய வாயில் புடவையைக் கிழித்துத் திரை தைத்தார். பாத்திரங்களுக்கு இடையே வேட்டித் துணியைச் செருகினார். இல்லையென்றால் ஒவ்வொரு வேகத்தடைக்கும் ஒரு கச்சேரி.

வாழ்க்கை முழுக்க வாடகை வீடு. ஒவ்வொரு வீட்டிலும் பால் காய்ச்சினார்கள். ஒவ்வொரு வீட்டிலும் ஓர் ஆணி அடிக்க வீட்டுக்காரரிடம் போய் நின்றார்கள்.

நேற்று அவர் வேனுக்குள் ஓர் ஆணி அடித்தார்.

மாட்டுவதற்கு ஒன்றுமில்லை. சும்மா, ஆசைக்கு.

சாமி மேல் பாரத்தைப் போட்டுவிட்டு அவர் கையைக் கட்டிக்கொண்டும் இருக்கவில்லை. நேற்று சாயங்காலம் வடிவு கோயிலுக்குப் போன நேரத்தில், வண்டியை இந்தக் குளத்தங்கரைக்குக் கொண்டுவந்தார். மேற்குப் பக்கச் சக்கரங்களைத் தட்டைக் கற்களின் மேல் ஏற்றினார். உள்ளே வந்து ஒரு தட்டில் தண்ணீர் ஊற்றிப் பார்த்தார். தண்ணீர் கிழக்கு விளிம்பில் போய்க் கூடி நின்றது. பாலும் அப்படித்தானே போகும்?

ராத்திரி நன்றாகத் தூங்கினார்.

இப்போது பால் ஓரத்தில் நுரை கட்டத் தொடங்கியது.

வண்டி என்பதால் முன்சக்கரங்களுக்கு எலுமிச்சம்பழம், வீடு என்பதால் அடுப்பில் பால். வடிவு எந்தப் பக்கமும் குறை வைக்கவில்லை. சக்கரத்துக்கு வைத்தது போக மீதி ஒரு பழம் அடுப்பு மேடையில் இருந்தது.

அது மெதுவாக உருண்டது.

மலை இருக்கும் பக்கமாக உருண்டது. இந்த ஊரில் மலை என்றால் மேற்கு.



தண்ணீர் டிரம்!

காலையில் அடிகுழாயில் குடம் குடமாக அடித்து, டிரம்மை விளிம்பு வரை நிரப்பியவர் அவரேதான். நேற்று சாய்வு பார்த்தபோது அது காலியாக இருந்தது. பழைய வண்டி, பழைய ஸ்பிரிங். டிரம் இருக்கும் மேற்குப் பக்கம் கல்லையும் மீறி அமுங்கிவிட்டது.

அடிமேல் அடி வைத்து எதிர்ப்பக்கம் நகர்ந்தார். கிழக்குச் சுவரில் முதுகை ஒட்டி, உடம்பின் கனத்தையெல்லாம் அங்கே இறக்கப் பார்த்தார்.

அவர் உடம்புக்கு வேன் அசையுமா? மூச்சு வாங்கியதுதான் மிச்சம்.

பால் எழுந்தது.

ஒரு கணம் விளிம்பில் நின்றது. பிறகு மலையைப் பார்த்துப் பொங்கி வழிந்தது.

குலவையிட வாயைத் திறந்த வடிவு, அப்படியே மூடிக்கொண்டாள்.

அடுப்பை அணைத்தாள்.

டிரம்மைப் பற்றிச் சொல்லிவிடலாமா என்று நினைத்தார். டிரம்மைச் சொன்னால் கல்லையும் சொல்ல வேண்டும். வண்டியை யாரிடம் விற்கலாம் என்றுகூட மனம் போய்விட்டது.

வடிவு பால் வழிந்த தடத்தைப் பார்த்தாள். மலையைப் பார்த்தாள். புடவைத் திரையைப் பார்த்தாள். ஒன்றும் மாட்டாத ஆணியைப் பார்த்தாள். கடைசியில், சுவரில் பல்லி மாதிரி ஒட்டிக்கொண்டு நிற்கும் மனிதரைப் பார்த்தாள். அங்கேதான் அதிக நேரம் பார்த்தாள்.

பிறகு கைக்கு ஒரு துணியாக எடுத்து, பாத்திரத்தை இரண்டு பக்கமும் அழுத்திப் பிடித்துக்கொண்டாள்.

“என்ன பாத்துக்கிட்டு நிக்கிய? வண்டியத் திருப்புங்க.”

அவருக்குப் புரியவில்லை.

புரிந்தது.

இருந்த வாடகை வீடுகளில் எந்த வீட்டை இப்படித் திருப்பியிருக்க முடியும்?

ஓடிப்போய் ஓட்டுநர் இருக்கையில் உட்கார்ந்தார். வேன் கல்லிலிருந்து தடக்கென்று இறங்கியது. எலுமிச்சம்பழங்கள் நசுங்கின. பின்னால் பாத்திரம் இம்மியும் திரும்பாமல் வடிவு காலை அகட்டி நின்றாள். இந்த ஜன்னலில் இருந்த மலை கண்ணாடியில் வழுக்கிக்கொண்டே போய் அந்த ஜன்னலில் நின்றது.

பால் வழிந்த தடத்தின் மேல் நேராகக் காலை வெயில் விழுந்தது.

வடிவு குலவையிட்டாள். குளத்துக் கொக்குகள் எல்லாம் எழும்பிவிட்டன. முப்பது வருஷத்தில் அவ்வளவு சத்தமாக அவள் குலவையிட்டு அவர் கேட்டதில்லை.

சிரித்தபடியே என்ஜினை நிறுத்தச் சாவியில் கை வைத்தார்.

“எதுக்கு நிப்பாட்டுதிய?” என்றாள்.