இந்த வருஷத் தீர்ப்பு

“சீனியர்ஸுக்கும் இதே கேஸ்தானாமே மேடம்? அரைச்ச மாவையே அரைக்கிறீங்க,” என்றான் கடைசி பெஞ்சுக்காரன்.

பேராசிரியை அலுப்போடு நாற்காலியில் சாய்ந்தார். ‘குற்றம், நீதி, மீட்சி’ வகுப்பில் மாணவர்கள் கூடிப் பேசித் தீர்ப்புச் சொல்ல, வருடம் தவறாமல் இந்த ஒரே வழக்கைத்தான் கொடுக்கிறார்.

“அரைச்சது போதும். தீர்ப்பைச் சொல்லுங்க.”

வகுப்புத் தலைவி எழுந்தாள். “குடிச்சிட்டுக் கார் ஓட்டி ஒருத்தரைக் கொன்னுட்டான். ஆனா மறுநாளே தானா போய் சரணடைஞ்சு, இத்தனை வருஷமா உள்ள இருக்கான். அவனை மன்னிச்சிடலாம்னு முடிவு பண்ணிட்டோம் மேடம்.”

“சரி, உட்காரும்மா.”

“இன்னும் இருக்கு மேடம். விஷயம் தெரிஞ்சும், விடியறதுக்குள்ள ரத்தக்கறையைக் கழுவி, காரை மூடி வெச்சாங்களே அவனோட அம்மா, அவங்களை மன்னிக்க முடியாது.”

“பெத்த மனசு இல்லையா?”

“செத்தவரையும் ஒருத்தி பெத்திருப்பாளே மேடம்.”

மணி அடிக்க இன்னும் நேரம் இருந்தது. பேராசிரியை அத்தோடு வகுப்பை முடித்துக்கொண்டு, கால் இழுத்த இழுப்புக்கு நடந்து போய் பஸ் ஏறினார்.

சிறையில் அன்று பார்வையாளர் நாள். கம்பி வலைக்கு அந்தப் பக்கம் மகன் காத்திருந்தான்.

“இந்த வருஷப் பசங்க என்னம்மா சொன்னாங்க?”

“உன்னை மன்னிச்சிட்டாங்கப்பா.”

அவன் கண் கலங்கியது. “உன்னை?”

அவர் வலையைப் பிடித்துக்கொண்டார்.

“அதுக்குள்ள மணி அடிச்சிடுச்சுப்பா.”