ஓவியத் தாயும் கேமராவும்

கண்ணாடிக் கூரை போட்ட ஓர் அறையில், முக்காலியின் மேல் ஒரு கேமரா நின்றது. பக்கத்துச் சுவரில், குழந்தையை மடியில் ஏந்திய ஒரு தாயின் பழைய ஓவியம் தொங்கியது. அதைப் போலவே ஒரு புகைப்படம் எடுத்துவிட வேண்டும் என்று அந்த வீட்டுத் துரைசானிக்கு ஆசை. கேமராவுக்கும் அதே ஆசைதான்.

துரைசானி, ஆயா மருதாயிக்கு நீலத் துணியைப் போர்த்தி, மருதாயி பெற்ற குழந்தையையே அவள் மடியில் வைத்து, "அசையாதே" என்றாள். கேமரா கண்ணைத் திறந்து, படம் பதியும்வரை மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்த்தது. பாதியில் குழந்தை காலால் உதைத்துவிட்டது. படத்தில் முகங்கள் தெளிவாக விழுந்தன. கால் இருந்த இடத்தில் வெறும் புகைமூட்டம். துரைசானி உதட்டைப் பிதுக்கி, படத்தை ஜன்னலோரம் சாய்த்து வைத்துவிட்டுப் போனாள்.

கேமரா கூனிக் குறுகிப்போனது. "அம்மா, உன் குழந்தை மட்டும் எப்படி அவ்வளவு நேரம் ஆடாமல் இருந்தது?" என்று ஓவியத் தாயைக் கேட்டது.



"குழந்தை எங்கே இருந்தது? ஓவியர் என் மடியில் ஒரு தலையணையை வைத்துத்தான் வரைந்தார். முகத்தைப் பிறகு சேர்த்தார்."

அவள் பார்வை ஜன்னலோரப் படத்துக்குப் போனது.

"அந்தக் கால் ஏன் அப்படி இருக்கிறது?"

"உதைத்துவிட்டது" என்றது கேமரா வெட்கத்தோடு.

"வயிற்றிலா?"

"ஆமாம்."

"அவளுக்கு வலித்ததா?"

"தெரியவில்லை. நான் கண்ணை மூடப்போகும்போது சிரித்துவிட்டாள்."

"எப்படி உதைத்தது?" என்றாள் ஓவியத் தாய். "இன்னொரு தடவை சொல்லேன்."