ராஜாவைப் பார்க்கும் வழி

"புதுசா விளையாட்டு உருவாக்கக் கத்துக்கொடுக்கிறது ஒரு பாடமா, டீச்சர்? இந்த மாசத்தோட இந்த வகுப்பை மூடறோம்னு நான் சொன்னதுல மாற்றமே இல்லை" என்று முழங்கிக்கொண்டே நுழைந்த தலைமையாசிரியரின் கண், முன்மேசையில் இருந்த அட்டையில் மாட்டிக்கொண்டது. நிறையக் கட்டங்கள், உச்சியில் ஓர் அரண்மனை.

"இது என்னம்மா?"

"நான் செஞ்ச ஆட்டம் சார். ராஜாவைப் பார்த்துட்டா ஜெயிச்சாச்சு" என்றாள் ஏழாம் வகுப்பு மாணவி.

ஒரே ஒரு தடவை என்று பகடையை உருட்டியவர், அரை மணி நேரம் எழுந்திருக்கவில்லை. காவலனிடம் போனால் மந்திரியின் முத்திரையைக் கேட்டான். மந்திரியோ, காவலன் அனுப்பாத யாருக்கும் முத்திரை போட மாட்டாராம்.

"அப்போ எப்படித்தான் ராஜாவைப் பார்க்கிறது? மூளை உள்ளவன் எழுதுற விதியா இது?"

"அரண்மனை மட்டும்தான் என்னோடது சார். விதியெல்லாம் உங்க அறை வாசல்ல நீங்க ஒட்டி வச்சது. மாணவர்கள் உங்களைப் பார்க்கணும்னா என்னென்ன செய்யணும்னு..."

டீச்சர் அவசரமாக ஜன்னலுக்கு வெளியே பார்த்தார்.

தலைமையாசிரியர் தொண்டையைச் செருமினார். "சரி, என்னை நீ எதுக்குப் பார்க்கணும்?"

"இந்த வகுப்பை மூடாதீங்கன்னு சொல்லத்தான் சார். மூணு வாரமா உருட்டிட்டிருக்கேன்."