நாற்பத்தொரு வீடியோக்கள்

"இதுவும் நான் இல்லம்மா" என்றார் பெரியவர். பதினெட்டாவது தடவை.

பெண் அதிகாரி படிவத்தின் பதினெட்டாவது கட்டத்தில் டிக் போட்டாள். கம்ப்யூட்டர் திரையில் அதே பெரியவரின் முகம், அதே வெள்ளை மீசை, அதே சாம்பல் நிறக் கோட்டு. கிரிப்டோவில் போட்டால் ஆறே மாதத்தில் மூன்று மடங்கு என்று சிரித்துக்கொண்டிருந்தது அந்த முகம்.

முப்பது வருடம் டிவியில் செய்தி வாசித்தவர் அவர். ஓய்வுக்குப் பிறகு வீட்டின் பின்னறையில் ஒரு கேமராவை வைத்து, மகளோடு சேர்ந்து ஆன்லைனில் சின்னதாய் ஒரு செய்தி சேனல் நடத்தினார். கிரிப்டோவுக்கு விளம்பரம் செய்த சேனல்களைப் போன மாதம் அரசு ஒரே நாளில் முடக்கியபோது அதுவும் போய்விட்டது.

விளம்பரம் செய்தவர்கள் மேல் வழக்கு. யாரோ முகத்தைத் திருடிப் போலி வீடியோ செய்திருந்தால் மட்டும் விடுவிப்புக் கடிதம். அதற்காகத்தான் இந்த அலுவலகத்துக்கு அலைகிறார், இன்றோடு ஐந்தாவது முறை. முதல் முறை அடையாள அட்டையில் இனிஷியல் சரியில்லை என்றார்கள். அடுத்த முறை சர்வர் படுத்துவிட்டது. மற்ற இரண்டு முறையும் அதிகாரி மீட்டிங்கில் இருந்தாள்.

"மொத்தம் நாப்பத்தொண்ணு சார். ஒவ்வொண்ணையும் பாத்து நீங்களே சொல்லணும், அதான் ரூல்ஸ்" என்றாள் அவள். அவள் குரலிலும் அசதி. "புதுசுல ஆரம்பிச்சுப் பழசுக்குப் போறோம். சீக்கிரம் முடிச்சிடலாம்."

சீக்கிரம் முடியவில்லை. பத்தொன்பது, இருபது என்று முகங்கள் வந்து போயின. நாற்காலிக்கு ஒரு கால் குட்டை; அவர் அசையும்போதெல்லாம் அதுவும் அசைந்தது.

"வால்க்கையில் முன்னேற ஒரே வலி" என்றது இருபத்து மூன்றாவது வீடியோ.

பெரியவர் முகத்தைச் சுளித்தார். "ழகரத்தைக் கொன்னே போட்டுட்டான். நான் இப்படிப் பேசுவேனாம்மா?"

அதிகாரி அன்று முதல் முறையாகச் சிரித்தாள். "எங்க வீட்டுல உங்க நியூஸ் முடிஞ்சாதான் சார் சாப்பாடே. இது மிஷின் பேசுறதுன்னு காதுல விழுந்ததுமே தெரியுதே."

போன் அடித்தது. மகள். "முடிஞ்சுதாப்பா? கேமரா தம்பி வேற வேலை பாத்துக்கட்டுமான்னு கேக்கறார்."

"இருக்கச் சொல்லு. முடியப் போகுது" என்று வைத்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றிக் கண்களை அழுத்திக்கொண்டார்.

நாற்பதாவது வீடியோ முடிந்தபோது, சுவரோர பெஞ்சில் காத்திருந்த பெண் எழுந்து வந்தாள். கழுத்தில் இஞ்ச் டேப்பை மறந்து அப்படியே வந்திருந்த தையல்காரி. கையில் ஒரு புகார் மனு.

"நியூஸ் வாசிப்பீங்களே, அந்த சார்தானே நீங்க?"

பெரியவர் ஆமென்று தலையசைத்தார்.

"உங்க வீடியோவைப் பாத்துதான் சார் நானும் போட்டேன். ரெண்டு மிஷினையும் வித்துட்டேன். இப்ப அடுத்தவங்க கடையில கூலிக்குத் தைக்கிறேன்."

"எந்த வீடியோம்மா?" என்றார் அவர்.

"எதுன்னு ஞாபகம் இல்ல. போன வருஷம் பாத்தது."

"எல்லாமே போலிம்மா" என்று அதிகாரி குறுக்கிட்டாள். "சாரோட மூஞ்சியை வச்சு எவனோ பண்ணது. உங்களை மாதிரி அவரும் பாதிக்கப்பட்டவர்தான்."

தையல்காரி முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

"இப்பதான் சார் மனசு ஆறுது. போனது போகட்டும். சொன்னது நீங்க இல்லைன்னு ஆச்சே, அது போதும். இத்தனை நாளா உங்களைத் திட்டாத திட்டு இல்ல. மன்னிச்சுக்கோங்க."

அவர் ஏதோ சொல்ல வாயெடுத்தார். அதற்குள் அதிகாரி கடைசி வீடியோவை ஓடவிட்டாள்.

"உங்கள் வாழ்நாள் உழைப்புக்கு ஒரு வழி சொல்கிறேன்" என்று கணீரென்று ஒலித்தது குரல்.

அதிகாரி கொட்டாவியை அடக்கிக்கொண்டு பாதியிலேயே அதை நிறுத்தினாள். கடைசிக் கட்டத்திலும் டிக் விழுந்தது. முத்திரையை மைப்பெட்டியில் ஒற்றிப் படிவத்தில் குத்தி, அவர் பக்கம் தள்ளினாள்.

"அவ்வளவுதான் சார். சாயங்காலத்துக்குள்ள சேனல் வந்துடும். கீழ ஒரு கையெழுத்துப் போட்டுட்டு, வீட்டுக்குப் போய்ப் படுத்துத் தூங்குங்க."

பெரியவர் சட்டைப் பையிலிருந்து பேனாவை எடுத்தார். மூடியைக் கழற்றினார்.

"அந்தப் பேனாவை ஒரு நிமிஷம் தர்றீங்களா சார்?" தையல்காரி மேஜை ஓரத்தில் மனுவை விரித்து வைத்தாள். "இதுல உங்க பேரைத்தான் மொதல்ல எழுதி வச்சிருக்கேன். நல்லவேளை, இன்னும் குடுக்கல. அடிச்சிடுறேன்."

பேனாவைக் கொடுத்தார். அவள் குனிந்து, விரலால் வரிகளைத் தடவிக்கொண்டே போய் அவர் பெயரைக் கண்டுபிடித்தாள். அதன்மேல் பேனாவை வைத்தாள்.

பெரியவர் அவள் கையைப் பிடித்தார்.

"அடிக்காதீங்கம்மா. இந்தக் கடைசி வீடியோவுல பேசினது நான்தான்."