முன்கூட்டியே எழுதிய ஆம்

தணிகைவேலின் தலைக்குள் இருந்த நினைவுப்பெட்டியில் அடுக்கடுக்காக இடம் சேர்ப்பார்கள். மருத்துவமனைக் கருவிக்கு 'ஏற்று' என்று கட்டளையிட்டால் புது அடுக்கு சேரும்; பாரம் கூடினால் தலை வலிக்கும். 'இறக்கு' என்றால் கடைசி அடுக்கு, அதில் சேர்ந்திருப்பதோடு போய்விடும். அதனால் ஒவ்வொரு முறையும் கருவி "உறுதியா?" என்று கேட்டுக் காத்திருக்கும்.

மருத்துவமனை அலைச்சல் வேண்டாமென்று, மென்பொருள் எழுதும் அவன் மனைவி வான்மதி, கருவியின் கட்டளைகளை அப்படியே எடுத்து வீட்டுச் செயலி ஒன்றில் பொருத்தினாள். செயலிக்குள் உட்கார்ந்து பதில் சொல்ல ஆளில்லையே! அதனால் "ஆம்" என்று முன்கூட்டியே எழுதிவைத்தாள். இறக்கும்போதும் அதே ஆம்தான் போகும் என்பது அவளுக்கு உறைக்கவில்லை.

இன்று அலுவலகத்தில் இருந்தவளுக்கு அவன் போன் செய்தான்.

"தலைவலில உசுரு போச்சு மதி. செயலியில 'இறக்கு'ன்னு இருந்துச்சு, அழுத்திட்டேன். இப்ப ஜம்முனு இருக்கு."

"ஐயோ, அது எதுவும் கேக்கலையா?"

"கேக்கவே இல்ல. நீ பண்ணதாச்சே, உன்னை மாதிரி இல்லாம சொன்ன பேச்சு கேக்குது."

வான்மதி அடுக்குகளை மனதுக்குள் எண்ணிப் பார்த்தாள். கடைசி அடுக்கில் தெருக்களும் வழிகளும் மட்டுமே, போனால் போகட்டும். அதற்கு முந்தையதில்தான், கடந்த நான்கு வருடங்களில் அவன் புதிதாகப் பார்த்த முகங்கள் இருந்தன. மகள் யாழிக்கு வயது மூன்று.

"ஏங்க, எத்தனை தடவை அழுத்துனீங்க?"

"ஒண்ணோ ரெண்டோ. வலியில யாரு எண்ணுனா?"

"யாழிகிட்ட போனைக் குடுங்க."

அவன் குரல் தாழ்ந்தது. "அவளைத்தான் வீடு பூரா தேடிக்கிட்டிருக்கேன் மதி. பயமா இருக்கு. இங்க வேற யாரோ ஒரு குழந்தை என் காலைக் கட்டிக்கிட்டு விடவே மாட்டேங்குது."