பத்தாவது கட்டம்

பாளையங்கோட்டைச் சிதம்பரநாதனுடைய மனநிறைவு அட்டையில் ஒன்பது கட்டங்கள் நிரம்பிவிட்டன. கிட்டார் கற்றாயிற்று, எண்பத்தொன்றாம் வயதில் பாராசூட்டில் குதித்தும் ஆயிற்று. பத்தாவதும் நிரம்பினால், அரசாங்கத்தில் 'முழுமையாக வாழ்ந்து முடித்தவர்' என்று சான்றிதழ் தந்து, இதய மாத்திரையை நிறுத்திவிடுவார்கள். அந்தப் பத்தாவது: மச்சான் ஆவுடையப்பனை மன்னித்தல். நாற்பது வருஷத்துக்கு முன் தன் மகள் கல்யாணப் பத்திரிகையில், தாய்மாமனான இவர் பெயரையே விட்டுவிட்ட மனிதர் அவர்.

அன்று வாழ்க்கைப் பயிற்சியாளர் நித்திலா, ஆவுடையப்பனைக் கையோடு கூட்டிவந்துவிட்டாள். சிதம்பரநாதன் நெஞ்சில் ஒரு கருவியை ஒட்டினாள். உண்மையாக மன்னித்தால் பச்சை எரியும். நடிப்பெல்லாம் அதனிடம் செல்லாது.

"மன்னிச்சிரும் மச்சான்," என்று ஆவுடையப்பன் காலில் விழுந்தார். கையில் புதிதாக அச்சடித்த அதே பத்திரிகை. மெலிந்துபோன முதுகைப் பார்த்ததும் சிதம்பரநாதனின் கை அவரைத் தூக்கிவிடத் தானாக நீண்டது. சிவப்பு விளக்கு மஞ்சளாயிற்று.

"அப்படித்தான் ஐயா, விட்டுருங்க," என்றாள் நித்திலா.

நிமிர்ந்து விளக்கைப் பார்த்த ஆவுடையப்பனுக்கு முகம் வெளுத்தது. "வே, மொதல்ல பேரைப் பாரும்!" என்று பத்திரிகையை அவர் மூக்குக்கு நேரே நீட்டினார்.

பெயர் இருந்தது. சிதம்பரநாதனுடைய தம்பி பெயருக்குக் கீழே.

"அவன் என்ன எனக்கு மூத்தவனா வே?" சிதம்பரநாதன் கத்திய கத்தலில் விளக்கு மறுபடி சிவந்தது.

நித்திலா ஆறு மாத மாத்திரையை மேசையில் வைத்துவிட்டுப் படியிறங்கினாள். ஆவுடையப்பன் வாசலில் திரும்பினார்.

"அடுத்த தடவை சமையல்காரன் பேருக்குக் கீழ போடுதேன்."

"மறந்துராதியும்," என்ற சிதம்பரநாதன், கருவியைக் கழற்றிவிட்டாளா என்று நெஞ்சைத் தடவிப் பார்த்துக்கொண்டார்.